நாலு வாஷர்

அப்பாக்களை எனக்குப் பிடிக்காது. வீட்டோடு இருக்கிற அப்பாக்களைச் சொல்லவில்லை, அவர்கள் எப்படியோ போகட்டும். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு பள்ளிக்கூடப் பட்டறைக்குள் நுழைகிற அப்பாக்களைச் சொல்கிறேன். "சும்மா பார்த்துட்டுப் போகலாம்னு வந்தேன்" என்பார்கள். ஐந்தாவது நிமிடம் பிள்ளை கையில் இருந்த ஸ்பேனர் அப்பா கைக்குப் போயிருக்கும். பத்தாவது நிமிடம் பிள்ளை ஓரமாக நின்று போனை நோண்டிக்கொண்டிருக்கும். அப்பா வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "இந்தக் காலத்துப் பசங்களுக்கு எதுலயுமே ஆர்வம் இல்ல" என்று என்னிடமே வந்து குறைப்படுவார்.

என் பெயர் லொரைன். எஃகு ஆலையில் பத்தொன்பது வருடம் வெல்டிங் வேலை பார்த்தேன். பிறகு ஆஸ்திரேலியாவில் முர்ரே ஆற்றங்கரையில் இருக்கிற இந்த ஊர் உயர்நிலைப் பள்ளிக்குப் பட்டறை உதவியாளராக வந்தேன், பன்னிரண்டு வருடம் ஆகிறது. நான் டீச்சர் இல்லை. இருந்தாலும் பிள்ளைகள் மிஸ் என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

வந்த முதல் வருடமே எனக்கு நானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன். பிள்ளைகள் வேலை செய்யும்போது என் இரண்டு கையும் ஏப்ரன் பைக்குள் இருக்க வேண்டும். அதற்காகவே கை மணிக்கட்டு வரை போகிற மாதிரிப் பெரிய பைகளாக வைத்துத் தைத்துக்கொண்டேன். வாயால் சொல்வேன், தேவைப்பட்டால் திட்டுவேன், கை வெளியே வராது. இதை ஊர் முழுக்கச் சொல்லிப் பீற்றிக்கொள்வேன் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

வருடா வருடம் செப்டம்பரில் எங்கள் ஊர்ப் பூங்காவில் மிதிவண்டிப் போட்டி நடக்கும். சாதாரண சைக்கிள் இல்லை. மூன்று சக்கரம், சாய்ந்து படுத்தபடி மிதிக்க வேண்டும், மேலே ஒரு கூடு. ஒவ்வொரு பள்ளியும் தன் வண்டியைத் தானே கட்டிக் கொண்டுவரும். ஆறு மணி நேரம், பிள்ளைகள் மாறி மாறி ஓட்டுவார்கள். விதிப் புத்தகத்தில் முதல் விதியே இதுதான்: வண்டியைக் கட்ட வேண்டியது மாணவர்கள், பெரியவர்கள் சொல்லித் தரலாம், செய்து தரக் கூடாது. அந்த விதியை எல்லா அப்பாக்களும் படிக்கிறார்கள். படித்துவிட்டு நேராகத் தங்கள் ஷெட்டுக்குப் போய் விளக்கைப் போடுகிறார்கள்.

அதிகச் சுற்று ஓடினால் கோப்பை. அது கிடக்கட்டும். எங்கள் பட்டறைக்கு முக்கியம் இன்னொரு பரிசு. வண்டி கட்டினதற்கான பரிசு. அதைக் கொடுப்பவர் கிளிஃப் அக்கர்மன். ஊர் எல்லையில் அறுவடை இயந்திரங்களைப் பழுது பார்க்கிறவர், எழுபதை நெருங்குகிறவர். பரிசு வாங்குகிற வண்டியைக் கட்டின பத்தாம் வகுப்புப் பிள்ளைகளில் ஒருவரை மட்டும் தன் பட்டறையில் தொழில் பழகச் சேர்த்துக்கொள்வார். வருடத்துக்கு ஒரே ஒரு இடம். வேறு வழியாக அவரிடம் யாரும் நுழைய முடியாது.

கீலி நோஸ்கிக்கு அந்த இடம் வேண்டும். இந்த வருடம் பத்தாம் வகுப்பு, அதனால் இந்த ஒரு தடவைதான். எட்டாம் வகுப்பில் பட்டறைக்குள் வந்த நாளிலிருந்து அவளுக்கு ஒரே பேச்சு.

"அந்த அறுவடை மெஷின் போற சத்தம் இருக்குல்ல மிஸ், அதுக்குள்ள என்னதான் நடக்குதுன்னு பார்க்கணும்."

"படிச்சு எஞ்சினியர் ஆனாலும் பார்க்கலாமே."

"எஞ்சினியர் வரைவாங்க. கிளிஃப்தான் கழட்டுவார்."

இந்த வருடம் எங்கள் பள்ளியிலிருந்து இரண்டு வண்டி. ஒன்று கீலியும் இன்னும் இரண்டு பெண்களும் என் பட்டறையில் எஃகுக் குழாயில் கட்டியது. பச்சை நிறம், பெயர் கொசு. இன்னொன்று சுறா. அது டேமன் பெங்கிலியின் ஷெட்டில் பிறந்தது. பெங்கிலி கடை வளாகங்களுக்கு ஏசி குழாய் போகும் வழியைக் கணினியில் வரைகிறவர். அவரும் இன்னும் இரண்டு அப்பாக்களும் குளிர்காலம் முழுக்க ஷெட் கதவைச் சாத்திக்கொண்டு கட்டினார்கள். அவர் மகன் ஹ்யூகோ ஒன்பதாம் வகுப்பு. போட்டிப் படிவத்தில் சுறாவைக் கட்டினவன் அவன்தான்.

ஜூலையில் ஒருநாள் பெங்கிலி எங்களைப் பார்க்க வந்தார். கொசுவைச் சுற்றி இரண்டு சுற்று வந்தார்.

"நல்லா இருக்கு லொரைன். ஒரு மாதிரி... பழைய காலத்து அழகு."

"ஹ்யூகோ அங்க என்ன செய்யறான்?"

"அவன்தான் டீம் கேப்டன்."

"நான் கேட்டது கையால என்ன செய்யறான்னு."

அவர் சிரித்தார். "எங்களுது கார்பன் நார். அந்தப் பிசின் தோல்ல பட்டா அரிக்கும். பிள்ளைங்களைத் தொட விட முடியுமா, நீங்களே சொல்லுங்க."

"தொடாம கட்டினாங்கன்னு எழுதிக் குடுத்துடுங்க. உலகத்துலயே முதல் தடவை."

கீலி குனிந்தபடி சிரித்தாள். பெங்கிலி அங்கே கிடந்த அரத்தை எடுக்கப் போனார். கீலி அதைத் தன் பக்கம் நகர்த்தி வைத்துக்கொண்டாள். அன்றைக்கு அவளை நினைத்து எனக்கு நெஞ்சு நிறைந்தது.

அவளுடைய முதல் வெல்டிங் கோழி எச்சம் போட்ட மாதிரி இருக்கும். "உடைச்சுப் பாரு" என்பேன். வைஸ் இடுக்கியில் மாட்டிச் சுத்தியலால் ஒரு போடு போடுவாள், துண்டாகப் போய் விழும். மறுபடி போடுவாள். இப்படி மூன்று மாதம். மே கடைசியில் அடித்தாலும் உடையாத வெல்டிங் வந்தது. கோழி எச்சம் மட்டும் அப்படியே இருந்தது.

"அசிங்கமா இருக்கு மிஸ்."

"இரும்பைப் பிடிக்குதா?"

ஓங்கி ஒன்று போட்டாள். "பிடிக்குது."

"அப்புறம் என்ன."

ஒவ்வொரு குழாய் மூட்டையும் எப்போது போட்டாள், எத்தனை தடவை உடைந்தது, அளவு என்ன என்று கிரீஸ் படிந்த ஒரு நோட்டில் எழுதி வைப்பாள். யாரும் எழுதச் சொல்லவில்லை.

போட்டிக்கு முந்தின ஞாயிறு மதியம் நான் பட்டறைக்குப் போனேன். என் சாப்பாட்டு டப்பாவை வெள்ளிக்கிழமை அங்கேயே மறந்து வைத்துவிட்டேன், அதற்குத்தான். கொசு நடுவில் நின்றது. வெளிச்சம் சரியாக அதன் முன் பக்கத்தில், வலது சக்கரத்தைத் தாங்குகிற கொண்டியின் மேல் விழுந்தது. கீலி போட்ட வெல்டிங். பார்த்ததும் என் பல் கூசியது. இதைக் கிளிஃப் பார்த்தால் என்ன நினைப்பார்? ஒரே ஒரு இடம், பதினைந்து பள்ளிக்கூடம். மூன்று வருடமாக அந்தப் பெண் தவிக்கிறாள். இந்த ஒரு முண்டு முடிச்சால் போய்விட்டால்?

பத்து நிமிட வேலை. இரும்பு தேய்க்கும் கிரைண்டரால் அவள் போட்டதைச் சீவி எடுத்தேன். நான் போட்டேன். பொறி பறந்த வாசம் எவ்வளவு நாள் கழித்து! முடிந்ததும் பார்த்தேன், மீன் செதில் மாதிரி ஒழுங்காக அடுக்கி வந்திருந்தது. பச்சைப் பெயின்ட் அடித்தேன். அளந்து பார்க்கவில்லை. பத்தொன்பது வருடம் இதே வேலையைச் செய்தவளுக்கு அளவு எதற்கு?

இது பெங்கிலி செய்த மாதிரி இல்லை என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அவர் கட்டினது முழு வண்டி, நான் தொட்டது ஒரே ஒரு மூட்டு. டப்பாவை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

திங்கட்கிழமை கீலி தரையில் மண்டியிட்டுக் கிடந்தாள்.

"மிஸ், வலது சக்கரம் வெளிய பார்த்துட்டு நிக்குது. வெள்ளிக்கிழமை நேராத்தான் இருந்துச்சு."

"தப்பா அளந்திருப்ப."

"நாலு தடவை அளந்தேனே."

"அப்ப நாலு தடவையும் தப்பா அளந்திருப்ப. போ, மறுபடி அளந்து பாரு." என் கை இரண்டும் பைக்குள் இருந்தன.

அந்த வாரம் முழுக்க அவள் அந்தச் சக்கரத்தோடேயே கிடந்தாள். கடைசியில் ஸ்டியரிங் கம்பி முனையில் நாலு வாஷரை அடுக்கி, சக்கரத்தை ஒரு வழியாக நேர் செய்தாள். முகம் மட்டும் தொங்கியே இருந்தது. போட்டி வருகிற பயம் என்று நினைத்தேன்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்குப் பரிசோதனை. மாக்பை என்கிற கறுப்பு வெள்ளைப் பறவைகள் குஞ்சைக் காக்கிறேன் என்று எல்லார் தலையையும் கொத்த வந்துகொண்டிருந்தன. எனக்கு நல்ல குஷி. சுறா டிரெய்லரிலிருந்து இறங்குவதைப் பார்க்க முதல் ஆளாகப் போய் நின்றேன். மறுக்க முடியாது, அழகான வண்டிதான். பளபளவென்று கறுப்பு, சுறா கண், சுறா பல். மூன்று அப்பாக்களும் ஒரே மாதிரிப் பனியன் போட்டிருந்தார்கள். ஹ்யூகோவின் பனியன் அவனுக்கு இரண்டு அளவு பெரிது.

பரிசோதனை விதி எளிதானது. ஓட்டுகிற பிள்ளை ஹெல்மெட்டோடு உள்ளே உட்கார்ந்து, மூடியைச் சாத்தி, பிறகு தானே திறந்து வெளியே வர வேண்டும். ஹ்யூகோ உட்கார்ந்தான். பெங்கிலி மூடியைச் சாத்தினார். மூடி ஹ்யூகோவின் ஹெல்மெட்டில் இடித்து நின்றது.

"கொஞ்சம் கீழ இறங்குடா."

"இறங்கிட்டேன்பா."

"இன்னும்."

"இதுக்கு மேல இறங்கினா ரோடு தெரியாது."

ஒரு குளிர்காலம் முழுக்க. மூன்று பெரிய மனிதர்கள். காற்று எப்படிப் போகும் என்று கணினியில் ஓட்டிப் பார்த்தார்களாம். ஹெல்மெட் போட்ட ஒரு பிள்ளையை ஒரு தடவைகூட உள்ளே உட்கார வைத்துப் பார்க்கவில்லை. நான் சிரித்த சிரிப்பு ஆற்றுக்கு அந்தப் பக்கம் கேட்டிருக்கும்.

அப்பாக்கள் ரம்பத்தைத் தேடி ஓடியபோது கிளிஃப் அக்கர்மன் ஹ்யூகோவிடம் குனிந்தார்.

"நீ இதுல என்ன தம்பி செஞ்ச?"

ஹ்யூகோ அப்பா இருக்கிறாரா என்று திரும்பிப் பார்த்தான். "கண்ணு ஒட்டினேன். சுறாவோட கண்ணு. அப்புறம் அப்பா அதை உரிச்சுட்டு வேற ஒட்டினாரு."

"ஏன்?"

"நான் ஒட்டினது கோணலா இருந்துச்சாம்."

கிளிஃப் தன் தாளில் சுறாவின் பெயர் மேல் ஒரு கோடு போட்டார். நான் அதற்கும் சிரித்தேன்.

பிறகு அவர் கொசுவிடம் வந்தார். விதிப்படி நான் பெரியவர்கள் நிற்கிற கயிற்றுக்கு வெளியே நின்றேன், ஆனால் பேசுவது தெளிவாகக் கேட்டது. கிளிஃப் வண்டியை முதலில் பார்ப்பதில்லை, தொடுவார். கட்டை விரலைக் குழாய் மேல் வைத்துப் பின்னாலிருந்து நகர்த்திக்கொண்டே வந்தார்.

"இது?"

"அது மே மாசம். மூணு தடவை உடைஞ்சுது. நாலாவது தடவை பிடிச்சுது."

"இது ஏன் கோணலா இருக்கு?"

"குழாயை வெட்டினப்ப பேசிட்டே வெட்டிட்டேன். மாத்த வேற குழாய் இல்ல. அதான் இந்தப் பக்கம் ஒரு தாங்கல் குடுத்தேன்."

கிளிஃபின் மீசை அசைந்தது. அவர் சிரித்தால் அவ்வளவுதான் தெரியும். கொசு பரிசை வாங்கிவிட்டது என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. அவருடைய கட்டை விரல் முன் பக்கம் வந்து, வலது சக்கரத்துக் கொண்டியில் நின்றது. ஒரு தடவை தடவினார். திரும்பத் தடவினார். பாக்கெட்டிலிருந்து சாவியை எடுத்துப் பச்சைப் பெயின்ட்டைச் சுரண்டினார்.

"இது யாரு போட்டது?"

கீலி குனிந்து பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். என்னுடையதுதான் என்று சொல்லிவிட்டால் போதும். அந்த இடம் அவளுக்கு. சொல்லிவிடு, சொல்லிவிடு என்று என் வாய் சத்தமில்லாமல் அசைந்தது.

"என்னோடது இல்ல," என்றாள் கீலி. "என்னோடது இவ்வளவு அழகா இருக்காது. ஆனா என்னோடது நல்லா பிடிச்சிருந்துச்சு."

"இந்த வாஷர் எதுக்கு?"

"திங்கட்கிழமை சக்கரம் திரும்பி நின்னுச்சு. நான்தான் தப்பா அளந்துட்டேன். அதுக்காக..."

அவள் நோட்டைப் புரட்டினாள். வெள்ளிக்கிழமைப் பக்கம். பிறகு திங்கட்கிழமைப் பக்கம். கிளிஃப் அவள் தோளுக்கு மேலே எட்டிப் படித்தார். பிறகு அந்தப் பக்கத்தை அப்படியே என் பக்கம் திருப்பிப் பிடித்தார். பதினொரு தடவை அளந்த எண்கள், அடியில் பெரிய எழுத்தில், 'எனக்கு அளக்கத் தெரியவில்லை'.

வெல்டிங் போட்டால் சூட்டில் இரும்பு இழுக்கும். ஆலையில் சேர்ந்த முதல் வாரமே சொல்லித் தருவது இது. இறுகப் பிடித்துக் கட்டாமல் கொண்டியின் ஒரு பக்கம் நெருப்பைக் காட்டினால், ஆறும்போது அது அந்தப் பக்கம் திரும்பிக்கொள்ளும். அவள் சரியாகத்தான் அளந்திருந்தாள். பதினொரு தடவையும் சரியாக அளந்திருந்தாள்.

"லொரைன்," என்றார் கிளிஃப், சத்தம் போடாமல். "வெல்டிங்ல உன் கையெழுத்து எனக்குத் தெரியும்."

"நான்தான் போட்டேன்," என்று கயிற்றைத் தாண்டி உள்ளே போனேன். "ஞாயித்துக்கிழமை. அவளுக்குத் தெரியாது. அவ மேல தப்பு இல்ல கிளிஃப், வேணும்னா என்னை..."

"உன்னை நான் என்ன பண்றது? உனக்கா வேலை குடுக்கப் போறேன்?" தாளில் கோடு போட்டார். சுறாவுக்குப் போட்ட அதே நீளத்துக்குப் போட்டார். "பெரியவங்க கை பட்ட வண்டிக்குப் பரிசு கிடையாது. உனக்குப் பார்த்து விதியை மாத்தினா, அங்க ரம்பத்தோட நிக்கறானே, அவனுக்கும் மாத்தணும்."

கீலி என்னைப் பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"அப்ப நான் சரியாத்தான் அளந்திருக்கேன்," என்றாள்.

"ஆமா."

"தப்பா அளந்தேன்னு சொன்னீங்களே மிஸ். நாலு தடவையும் தப்புன்னீங்க."

"அப்ப எனக்குத் தெரியல கீலி. சத்தியமா..."

"தெரியாமயே சொன்னீங்களா?" கையுறையை மாட்டிக்கொண்டாள். "தள்ளிப் போய் நில்லுங்க மிஸ். அப்பாக்கள் நிக்கற கயிறு அங்க இருக்கு."

பழுது பார்க்கும் கூடாரத்தில் கிரைண்டரும் வெல்டிங் மெஷினும் இரவல் வாங்கினாள். என் மீன் செதிலை ஒரு நிமிடத்தில் சீவித் தள்ளினாள். ஸ்டியரிங் கம்பியிலிருந்து வாஷர்களைக் கழற்றினாள். கொண்டியை இரண்டு பக்கமும் இறுக்கிக் கட்டினாள், அளந்தாள், போட்டாள், ஆறவிட்டாள், மறுபடி அளந்தாள். கிளிஃப் பக்கத்திலேயே நின்று பார்த்தார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டிருந்தார். அவருக்கு ஏப்ரன்கூடத் தேவைப்படவில்லை.

நான் கயிற்றுக்குப் பின்னால் போய் நின்றேன். பதினொரு மணிக்குப் போட்டி தொடங்கியது. கொஞ்ச நேரத்தில் பெங்கிலி வந்து பக்கத்தில் நின்றார், பனியன் முழுக்கக் கறுப்புத் தூள். சுறாவின் மண்டையை அறுத்து ஒரு வழியாக ஓட விட்டிருந்தார்கள். கையில் சாசேஜ் ரொட்டி இரண்டு வைத்திருந்தார். ஒன்றை என்னிடம் நீட்டினார்.

"கேள்விப்பட்டேன்," என்றார். "கை சும்மா இருக்க மாட்டேங்குது, இல்ல?"

அவரைப் பிடித்து ஆற்றில் தள்ளலாம் போல இருந்தது. ரொட்டியை வாங்கிக்கொண்டேன்.

ஆறு மணி நேரம் கொசு ஓடியது. கோழி எச்சம் விடாமல் பிடித்தது. கொசு பதினேழாவதாக வந்தது. சுறா இரண்டாவது. கட்டினதற்கான பரிசு ஆற்றுக்கு மேல் பக்கத்துப் பள்ளிக்குப் போனது. கிளிஃபின் இடமும் அந்தப் பள்ளிப் பையனுக்குப் போனது. அவனும் நல்ல பையன்தான். அவனுடைய வெல்டிங்கைப் போய்ப் பார்த்தேன். கீலியுடையதைவிட மோசம்.

வண்டியை டிரெய்லரில் ஏற்றும்போது கீலி என்னிடம் வந்தாள். உதவி செய்யக் கையை வெளியே எடுத்திருந்தேன். அவள் அந்தக் கையையே பார்த்தாள், நான் திரும்பப் பைக்குள் விட்டுக்கொண்டேன். அவள் பாக்கெட்டிலிருந்து எதையோ எடுத்து என் ஏப்ரன் பைக்குள், என் விரல்களுக்கு நடுவில் போட்டாள்.

"இது உள்ளேயே இருக்கட்டும் மிஸ். கை சும்மா இருக்கறப்ப உருட்டிட்டிருக்க ஏதாவது வேணும்ல."

எடுத்துப் பார்க்க வேண்டிய அவசியம் இல்லை. எண்ணிப் பார்த்தேன், நாலு இருந்தது.